இயந்திரங்களுக்கும் இரட்டைப் பிறவி உண்டு!

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மனிதருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறப்பதை நாம் அறிவோம். நம் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பில் இரட்டையர் இருவர் இருக்கிறார்கள். அவர்களில் யார் மூத்தவள், யார் இளையவள் என்று தெரியாமல் வருகைப் பதிவேட்டுடன் சிஸ்டர் திகைத்து நின்றதை அவ்வகுப்பு மாணவியர் கதைகதையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு கொதிகலனுக்கும், ஓர் ஆகாய விமானத்தின் எஞ்சினுக்கும், ஆற்றின் மேல் நிற்கும் பாலத்துக்கும்கூட இரட்டை உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா, தோழியரே? அந்த இரட்டையரில் ஒன்று எஃகாலும் சிமெண்டாலும் ஆனது. நெருப்பிலும் வெயிலிலும் நின்று உழைப்பது. மற்றொன்றுக்கு எடையே இல்லை. அது கணிப்பொறியின் நினைவகத்தில் வாழ்கிறது. இதற்கு விஞ்ஞானிகள் 'டிஜிட்டல் ட்வின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இக்கட்டுரையில் 'கணிப்பொறி இரட்டை' என்றும், சில இடங்களில் சுருக்கமாக 'இரட்டை' என்றும் எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் பலர், "கணிப்பொறியில் படம் வரைந்து வைப்பதுதானே? அதை எங்கள் அண்ணனே செய்வானே!" என்று நினைக்கலாம். அதுவன்று இது. படம் வரைந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் என்றும் இருக்கும். என் தாத்தாவின் திருமணப் படத்தில் அவருக்கு இன்னமும் கறுத்த மீசைதான்! இரட்டை அப்படியிராது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளுக்கும் உடம்பு சுடும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. மனிதர் விஷயத்தில் அது எவ்வளவு தூரம் மெய்யோ, கணிப்பொறி இரட்டையின் விஷயத்தில் அது மெய்யாக இருந்தே தீரவேண்டும். இங்கே இயந்திரம் சுட்டால் அங்கே இரட்டையும் சுட வேண்டும். இங்கே ஒரு குழாய் தேய்ந்தால் அங்கும் தேய வேண்டும். அந்தச் செய்தி ஒரு நாள் போகாமல் நின்றுவிட்டால், அன்றே இரட்டை வெறும் படமாகிவிடுகிறது.

மாதிரி உருவங்கள் செய்து பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக்கு மேற்கே பூண்டியில் 1944ஆம் ஆண்டு முதல் ஒரு நீர்ப்பாசன ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. அணைகளையும் கதவணைகளையும் சிறிய அளவில் கட்டி, அவற்றில் உண்மையாகவே தண்ணீரை ஓடவிட்டு, எங்கே சுழல் உண்டாகிறது, எங்கே மணல் அரிக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். மிகவும் பயனுள்ள முறை. ஆயினும் அந்தச் சின்ன அணைக்கு, காவிரியில் நிற்கும் பெரிய அணையில் இன்று என்ன நடக்கிறது என்பது தெரியாது. மாதிரிக்கும் இரட்டைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உண்மையான பொருளின் நிலையை மாதிரிக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன பயன் விளையும் என்பதை உலகம் கண்டது 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். சந்திரனை நோக்கி அமெரிக்கா அனுப்பிய அப்போலோ 13 விண்கலம் பூமியிலிருந்து 3 இலட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுகொண்டிருந்தபோது அதன் பிராணவாயுத் தொட்டிகளில் ஒன்று வெடித்தது. உள்ளே மூவர்: ஜிம் லவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ். மின்சாரம் குறைந்தது, குளிர் வாட்டியது, சந்திரனில் இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு உயிரோடு திரும்பினால் போதும் என்ற நிலை ஏற்பட்டது.

பூமியில் அந்த விண்கலத்தைப் போலவே செய்யப்பட்ட பயிற்சிக் கூண்டுகள் இருந்தன. சிமுலேட்டர் என்பார்கள். விண்வெளி வீரர்கள் புறப்படுமுன் மாதக்கணக்காக அவற்றில்தான் பழகியிருந்தார்கள். விபத்து நடந்தவுடன், வானொலி அலைகள் மூலம் வந்த செய்திகளைக் கொண்டு, மேலேயுள்ள உடைந்த கலத்தின் நிலைக்கு ஏற்ப இவற்றையும் மாற்றியமைத்தார்கள். கென் மேட்டிங்லி என்ற வீரர் அக்கலத்தில் போயிருக்க வேண்டியவர். அவருக்கு ருபெல்லா அம்மை தொற்றியிருக்குமோ என்று ஐயுற்று, கடைசி நேரத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். (அம்மை அவருக்கு வரவேயில்லை!) பூமியில் தங்கிவிட்ட அவரே, மிஞ்சியிருக்கும் சிறிதளவு மின்சாரத்தில் எந்தச் சுவிட்சை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்ற வரிசையைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். இங்கே போட்டுப் பார்த்துச் சரியென்று கண்ட வரிசையை மேலே சொன்னார்கள். ஏப்ரல் 17ஆம் நாள் மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினர்.

அந்தக் கூண்டுகளை முழுமையான இரட்டை என்று சொல்ல முடியாது. பாட்டி முறை என்று சொல்லலாம். இன்றைய இரட்டையின் கருத்தை 2002ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் மைக்கேல் கிரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அதற்கு இப்பெயரைச் சூட்டியவர் நாசாவைச் சேர்ந்த ஜான் விக்கர்ஸ். பெயர் வைத்த கதை இவ்வளவுதான். இனி நம் ஊருக்கு வருவோம்.

திருச்சிராப்பள்ளி என்றதும் வெளியூரார் மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் சொல்வார்கள். இந்தியாவின் மின்நிலையங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டால் 'கொதிகலன்' என்பார்கள். திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியோடு அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1965 முதல் இயங்கி வருகிறது. 1975ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. என் பெரியப்பா அத்தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இக்கட்டுரைக்காக நான் அவரைப் பல மாலைகள் தொந்தரவு செய்தேன்.

கொதிகலன் என்பது என்ன? நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரிய அக்காள்தான். குக்கரில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. 500 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையத்தின் கொதிகலனிலிருந்து வெளிவரும் நீராவியோ 540 டிகிரி வெப்பத்தில் இருக்கும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோகிராம். அதாவது சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தில் நம் வகுப்பு மாணவியர் நால்வர் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பதற்குச் சமம்! உயரமோ, 1987ல் கட்டி முடித்த திருவரங்கத்து இராஜகோபுரத்தின் 236 அடியையும் மிஞ்சும். அந்த உயரம் முழுவதும் எஃகுக் குழாய்கள் சுவராகவும் கொத்துக்கொத்தாகவும் நிற்கின்றன. குழாய்க்கு உள்ளே தண்ணீரும் நீராவியும். வெளியே நிலக்கரியின் தீ. அக்குழாய்களை இணைக்கும் பற்றவைப்புகள் பல்லாயிரம். அவற்றில் ஒன்று கசிந்தாலும் போதும்.

"ஊசி முனை அளவு ஓட்டைதாம்மா. ஆனா அதுலேருந்து வர்ற நீராவி கத்தி மாதிரி. பக்கத்துக் குழாயை அறுத்துடும். அது அதுக்குப் பக்கத்துல இருக்கறதை அறுக்கும்" என்றார் பெரியப்பா. கசிவு கண்டால் கொதிகலனை அணைக்க வேண்டும். ஆள் உள்ளே நுழையுமளவுக்கு அது ஆறவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். பிறகு கசிவைத் தேடி, அறுத்து, புதுக் குழாயைப் பற்றவைத்து, சோதித்து, மீண்டும் தீ மூட்ட வேண்டும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 மெகாவாட் நிலையம் முழு அளவில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 20 இலட்சம் யூனிட் மின்சாரம் தரும். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 10 யூனிட் என்று கொண்டால், ஓட்டை ஒன்றினால் ஒரே நாளில் இழப்பது 12 இலட்சம் வீடுகளின் மின்சாரம்.

இனி இரட்டையைப் பார்ப்போம். கொதிகலனுக்கு இரட்டை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் அதன் ஒவ்வொரு பகுதியின் நீளம், அகலம், தடிமன், எந்த வகை எஃகு என்பதெல்லாம் கணிப்பொறிக்குத் தரப்படுகின்றன. பிறகு இயற்பியல் விதிகள். நாம் பாடத்தில் படிக்கும் 'இழந்த வெப்பம் பெற்ற வெப்பத்துக்குச் சமம்' என்ற அதே விதிதான் இங்கும் அரசி! எரிந்த நிலக்கரி எவ்வளவு வெப்பம் தந்தது, அதில் நீர் எவ்வளவு வாங்கிக்கொண்டது, புகைபோக்கி வழியே எவ்வளவு வீணானது என்று ஒவ்வொரு பகுதிக்கும் வரவு செலவு எழுதப்படுகிறது. மூன்றாவதாக, உண்மைக் கொதிகலனில் பொருத்திய சென்சார் எனப்படும் உணர்கருவிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நீரோட்டத்தையும் சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்து, கம்பி வழியே இரட்டைக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கின்றன.

இரட்டை தன் கணக்குப்படி, "இந்த நேரத்தில் இந்த இடத்தில் நீராவி இவ்வளவு சூடாக இருக்க வேண்டும்" என்று சொல்லும். உணர்கருவியோ உண்மையில் உள்ளதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால், அந்த வேற்றுமையில்தான் செய்தி இருக்கிறது. என் கருத்தில் இவ்விஷயம் முழுவதிலும் மிக அழகான பகுதி இதுவே. இரட்டையின் வேலை சரியாக இருப்பது மட்டுமன்று. தானும் உடன்பிறந்தாளும் எங்கே வேறுபடுகிறோம் என்று கண்டு கூவுவதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பலாக இருக்கும். அந்தச் சாம்பல் குழாய்களின் மேல் படிந்து போர்வைபோல் மூடிக்கொள்ளும். வெப்பம் உள்ளே போகாது. ஆகவே நீராவியையே பீய்ச்சி அதை ஊதித் தள்ளுவார்கள். முன்பெல்லாம் ஒரு வேலைநேரத்துக்கு இத்தனை முறை என்று கடிகாரத்தைப் பார்த்து ஊதுவது வழக்கம். சாம்பல் இல்லாத இடத்தில் ஊதினால் நீராவி வீண், குழாயும் தேயும். சாம்பல் இருக்கும் இடத்தில் ஊதாவிட்டால் நிலக்கரி வீண். கொதிகலன் ஓடும்போது உள்ளே எட்டிப்பார்க்க இயலாது அல்லவா? ஒரு குழாய்க் கொத்திலிருந்து நீராவி 470 டிகிரியில் வரவேண்டும் என்று இரட்டை சொல்கிறது, ஆனால் 455தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கொத்தின் மேல் சாம்பல் படிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அங்கே மட்டும் ஊதினால் போதும். அம்மா தினமும் வீடு முழுவதும் ஒட்டடை அடிப்பதில்லை. ஒட்டடை உள்ள மூலையைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். அதே சிக்கனம்.

இன்னொரு பயன், அளக்க முடியாததை அளப்பது. தீயின் நடுவே நிற்கும் குழாயில் வெப்பமானியை வைத்தால் அது வெகுநாள் பிழைக்காது. எனவே நெருப்பு படாத மேற்பகுதியில் மட்டும் சில குழாய்களில் தெர்மோகப்பிள் என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். அதைக் கொண்டு தீயின் நடுவில் குழாயின் உலோகம் எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை இரட்டை கணக்கிடுகிறது. இது ஏன் முக்கியம்? அதிக வெப்பத்தில், அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நெடுங்காலம் நிற்கும் எஃகு, மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு தளர்கிறது. குறித்த வெப்பத்துக்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரி கூடினாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு குழாயும் எத்தனை மணி நேரம் எந்த வெப்பத்தில் நின்றது என்று இரட்டை தபால் நிலையச் சேமிப்புப் புத்தகம்போல் கணக்கு வைக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, ஆண்டுப் பராமரிப்பின்போது எந்தக் குழாயை மாற்றுவது என்று முன்னதாகவே முடிவு செய்யலாம். ஓட்டை விழும்வரை காத்திருப்பதும் இல்லை. நல்ல குழாயைக் கழற்றி வீணாக்குவதும் இல்லை.

அண்மைக்காலத்தில் இதற்கு வேறொரு தேவையும் வந்திருக்கிறது. பகலில் சூரிய ஒளியிலிருந்து கிடைக்கும் மின்சாரம் ஆண்டுக்காண்டு கூடி வருகிறது. ஆகவே அனல்மின் நிலையங்கள் பகலில் அடங்கியும் மாலையில் எழும்பியும் ஓட வேண்டியதாகிறது. பழைய கொதிகலன்கள் இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதற்கென்று கட்டப்பட்டவை. அடிக்கடி சூடேறி ஆறினால் தடித்த எஃகில் விரிசல் காணும். சூடான கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இன்று மாலை எவ்வளவு வேகமாக ஏற்றலாம்?" என்று கொதிகலனிடம் சோதித்துப் பார்ப்பது அபாயம், இரட்டையிடம் நூறு முறை கேட்கலாம். அது உடைந்தால் யாருக்கும் காயமில்லை.

காயம் என்று எழுதும்போது எனக்கு நெய்வேலியின் நினைவு வருகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதம் முதல் தேதியிலும் அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை விபத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். கொதிகலன் பக்கத்தில் வேலை பார்க்கும் தந்தையர் நம் பள்ளி மாணவியர் சிலருக்கும் உண்டு. அவர்கள் இரவு வேலைக்குப் போகும்போது வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். இரட்டை ஒன்று இருந்துவிட்டால் விபத்தே வராது என்று எண்ணிவிடலாகாது. ஆனால் உள்ளே நடப்பதை, ஆள் பக்கத்தில் போகாமலே முன்கூட்டி அறிவதற்கு வழியிருக்கும்போது, அதைத் தேடுவதை வெறும் இலாப நோக்கம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகாய விமான எஞ்சின்களின் கதையும் இப்படியே. ஜெனரல் எலக்ட்ரிக், ரோல்ஸ் ராய்ஸ் முதலிய கம்பெனிகள் தாங்கள் செய்த எஞ்சின்கள் பறக்கும்போதே செய்திகளைப் பெற்று, தரையில் ஆராய்கின்றன. ஒரே நாளில் பிறந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று பாலைவன நாட்டுத் தூசியிலும் மற்றொன்று குளிர்நாட்டுத் தூய காற்றிலும் பறந்தால், முதலாவது சீக்கிரம் தேயும். இரண்டையும் ஒரே தேதியில் பணிமனைக்குக் கொண்டுவருவது அறியாமை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இரட்டை சொல்லும் தேதியே சரி.

சிங்கப்பூரில் ஊருக்கே இரட்டை செய்திருக்கிறார்கள்! 2014ல் தொடங்கிய அத்திட்டத்தில் அந்நாட்டின் கட்டடங்கள், சாலைகள், மரங்கள் எல்லாம் கணிப்பொறியில் ஏறின. ஒரு புதுக் கட்டடம் எழும்பினால் பின்னால் உள்ளவர்களுக்குக் காற்று வருமா, எந்த மாடியில் சூரியத் தகடு வைக்கலாம் என்றெல்லாம் பார்க்க அது உதவும். அதே 2014ல் பிரெஞ்சுக் கம்பெனியான தசோ சிஸ்டம்ஸ் மனித இதயத்துக்கு இத்தகைய உரு ஒன்றை உண்டாக்கும் முயற்சியைத் தொடங்கியது. டாக்டராக விரும்பும் தோழியர் அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டுகிறேன்.

பாலங்களைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. நான் திருவரங்கத்திலிருந்து வருபவள். மாம்பழச் சாலையையும் சிந்தாமணியையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976ல் கட்டப்பட்டது. அதன் இணைப்புகளையும் தாங்கிகளையும் பழுதுபார்க்க 2022ஆம் ஆண்டின் இறுதியில் மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் நாங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தோம். காலை உணவு பேருந்திலேயே! பாலம் இருக்கும்போது அதை யார் நினைக்கிறார்கள்? மூடிய பிறகுதான், நாள்தோறும் நம்மைச் சுமந்த அது எந்த நிலையில் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

அக்கேள்விக்குப் பாலமே விடை சொன்ன நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1914ல் திறந்த பழைய பாம்பன் இரயில் பாலத்தை நாம் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். கடலின் உப்புக் காற்றில் நூறாண்டுக்கு மேல் நின்ற இரும்பு அது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த வல்லுநர்கள் அதில் உணர்கருவிகளைப் பொருத்தி, இரயில் கடக்கும்போது எந்த உறுப்பு எவ்வளவு அதிர்கிறது என்று ஓயாமல் கண்காணிக்க ஏற்பாடு செய்தார்கள். 2022 டிசம்பரில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதியில் அதிர்வு மிகுந்துவிட்டது என்று அக்கருவிகள் எச்சரித்தன. உடனே இரயில்களை நிறுத்தினார்கள். பயணிகள் மண்டபத்திலேயே இறங்கி, சாலை வழியாக இராமேசுவரம் போக வேண்டியிருந்தது. பழைய பாலத்தில் பயணிகள் இரயில் மறுபடி ஓடவேயில்லை. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

பாம்பனில் இருந்தது முழு இரட்டை அன்று. இரட்டைக்கு வேண்டிய நரம்புகள் என்று சொல்லலாம். ஆயினும் நரம்பு 'வலிக்கிறது' என்று சொன்னதும் கேட்டு நிறுத்தினார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இரயில் இல்லாமல் ஒரு யாத்திரைத் தலம் சிரமப்படும் என்று தெரிந்தே நிறுத்தினார்கள். எத்தனையோ வீடுகளில் குக்கரின் சீட்டி அடைத்துக்கொண்டது தெரிந்தும், "இன்னிக்கு ஒரு நாள் பார்த்துக்கலாம்" என்று அடுப்பில் ஏற்றுவதில்லையா?

இரட்டைக்குக் குறைகளும் உண்டு. செலவு அதிகம். பழைய தொழிற்சாலைகளில் உணர்கருவி வைக்க இடமே விட்டிருக்க மாட்டார்கள். தொழிற்சாலையின் இரகசியங்கள் எல்லாம் கணிப்பொறியில் இருப்பதால் திருடர்களும் அங்கேயே வருவார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய குறையைச் சொன்னவர் பெரியப்பாதான். நான் ஒரு மணி நேரம் இரட்டையின் பெருமையை அளந்து முடித்ததும், அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும்மா. தெர்மோகப்பிள் கம்பி கழண்டு தொங்கினா, அதை யாரு அதுக்குச் சொல்லுவா?"

நல்ல கேள்வி. கழன்ற கம்பி பொய்யான எண்ணை அனுப்பும். இரட்டை அதை மெய்யென்று நம்பி, இல்லாத நோய்க்கு மருந்து சொல்லும். இருக்கும் நோயை மறைத்தும்விடலாம். இதற்குப் பொறியாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே செய்தியைப் பல கருவிகளிடமிருந்து வாங்கி ஒப்பிடுவார்கள். பக்கத்துக் குழாய்கள் எல்லாம் ஒரு விதமாகச் சொல்ல, ஒன்று மட்டும் திடீரென்று குதித்தால், குழாயைச் சந்தேகிக்குமுன் கருவியைச் சந்தேகிப்பார்கள். நீராவிக் கசிவைக் காதால் கேட்கும் ஒலிவாங்கிகளையும் கொதிகலனின் சுவர்களில் வைக்கிறார்கள். இதை நான் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். அவர் காலத்தில் அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் கொதிகலனைச் சுற்றி நடந்துகொண்டே, இரைச்சலின் நடுவில் புதிதாக ஒரு 'உஸ்' கேட்டால் நின்றுவிடுவார்களாம். "எங்க காதைப் பிடுங்கி மெஷின்ல வச்சுட்டாங்க, அவ்வளவுதான்" என்றார். ஆனாலும் இன்றும் ஆபரேட்டர்கள் ஒரு வேலைநேரத்தில் ஒருமுறையாவது நடந்து பார்க்கவே செய்கிறார்கள். கம்பி கழன்றதைக் காண்பவர்கள் அவர்கள்தாம்.

எனக்கு ஒரே ஒரு இரட்டை செய்யும் வரம் கிடைத்தால் முக்கொம்புக்குத்தான் செய்வேன். ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய மேலணை அங்கிருக்கிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். எங்கள் தீவின் தலைவாசல். 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, வெள்ளத்தில் கொள்ளிடத்தின் மேலிருந்த பழைய கதவணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில்தான் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்து விழுந்தன. ஆற்றில் நீர் மேலே ஓடுவது நமக்குத் தெரிகிறது. தூணின் அடியில் மணல் போவது தெரிவதில்லை. ஆகவே என் இரட்டைக்கு முதலில் வேண்டியது தண்ணீருக்கு அடியில் பார்க்கும் கருவிகள்: ஒவ்வொரு தூணின் அடியிலும் ஆற்றுப்படுகை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஒலி அலையால் அளப்பவை. தூண் மயிரிழை சாய்ந்தாலும் சொல்லும் கருவி ஒன்று. மதகின் இருபுறமும் நீர்மட்டம். இவற்றுடன் மேட்டூரில் எவ்வளவு கன அடி திறந்தார்கள் என்ற செய்தியும், வழியில் பவானியும் அமராவதியும் எவ்வளவு கொண்டுவந்து சேர்க்கின்றன என்ற செய்தியும்.

மேட்டூரில் திறந்த நீர் நம் ஊருக்கு வந்துசேர இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. அந்த அவகாசத்தில் இரட்டைக்குள் வெள்ளத்தை முன்னதாகவே ஓடவிட்டுப் பார்க்கலாம். எந்த மதகை முதலில் தூக்குவது, கொள்ளிடத்தில் எவ்வளவு விட்டால் கரையோரத்தார் வீட்டைக் காலி செய்ய நேரிடும், எந்தத் தூணின் அடியில் கல்லைக் கொட்டி வைக்க வேண்டும், அம்மா மண்டபத்தின் படிகளில் எதுவரை கயிறு கட்டினால் ஆடிப்பெருக்குக்கு வரும் பெண்களும் குழந்தைகளும் நின்று நீராடலாம் என்பதையெல்லாம் அதனிடம் கேட்பேன்.